முற்றும் எச்சமும்: மொழிக் குறைபாடுடைய குழந்தைகளின் கதைகூறலை அளக்கும் முறைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மொழிக் குறைபாடுடைய குழந்தைகளை இனங்காண்பதற்குக் கதைகூறல் திறன் உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இதற்கென உருவான முறைகளுள் கதைப் பின்னலை நோக்குவன தமிழுக்குப் பெரிதும் பொருந்துகின்றன. தொடரமைப்பை எண்ணுவன அவ்வாறு பொருந்தவில்லை. வினையெச்சத் தொடர், அஃறிணை வினைமுடிபு, 'என்று' என்னும் இடைச்சொல் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கதைகூறல், மொழிக் குறைபாடு, வினையெச்சம், வினைமுதல், திணை, மதிப்பீடு.

கதை ஏன் அளவுகோலாயிற்று

நான்கு வயதுக் குழந்தையின் பேச்சு பின்தங்கியிருக்கும்போது, அது நாளடைவில் தானே சரியாகுமா, நிலைத்துவிடுமா என்னும் வினா பெற்றோரையும் சிகிச்சையாளரையும் ஒருங்கே வருத்துவதாகும். மொழி வளர்ச்சியில் பின்தங்கிய 87 குழந்தைகளை ஐந்தரை வயது வரை தொடர்ந்து கண்காணித்த டோரதி பிஷப், எட்மண்ட்சன் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு ஒரு விடை தந்தது. அவர்கள் கையாண்ட பல சோதனைகளுள், படங்களின் துணையுடன் கேட்ட கதையைத் திரும்பச் சொல்லும் எளிய சோதனையே குழந்தையின் பின்னாளைய நிலையை மிகச் சிறப்பாக முன்னறிவித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கதை சொல்லும் குழந்தை சொற்களைத் தேட வேண்டும். தொடர்களை ஆக்க வேண்டும். நிகழ்வுகளின் முறையை நினைவில் நிறுத்த வேண்டும். கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதையும் கணிக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டியிருப்பதால், தனித்தனிச் சோதனைகளில் மறைந்து நிற்கும் தளர்ச்சி கதையில் வெளிப்பட்டுவிடுகிறது.

செவித்திறன் இழப்பு, அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்ற வெளிப்படையான காரணம் ஏதுமின்றி மொழியில் மட்டும் நீடித்த இடர்ப்பாடு கொண்ட நிலையை 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' எனக் குறிக்கலாம் என்ற உடன்பாடு 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளியான பன்னாட்டு அறிஞர் குழுவின் அறிக்கைகளால் ஏற்பட்டது. இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் வயதினருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் இந்நிலையில் உள்ளனர் என்பது கர்ட்னே நார்பரி குழுவினர் 2016இல் கண்ட முடிவு. அதாவது முப்பது பேர் அமர்ந்த வகுப்பில் இருவர். இக்குழந்தைகள் வெளிப்பார்வைக்குக் குறையற்றவர்கள். ஆதலால் 'கவனமில்லாதவன்', 'சோம்பேறி' என்னும் பெயர்களே அவர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கின்றன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது, குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் நேரும் பேச்சிழப்பு போன்ற உடல்சார், நரம்புசார் காரணங்களால் விளையும் நிலையான குறைபாட்டையே சுட்டுகிறது. காரணம் புலப்படாத இக்குறைபாடு அவ்வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. சட்டமும் காணாத, கண்ணுக்கும் தெரியாத ஒன்றை அளவீடு மட்டுமே காட்ட வல்லது. எனவே அவ்வளவீடு தவறினால் குழந்தைக்கு வேறு சாட்சி இல்லை.

கருவிகளின் வழிமுறை

இன்று கையாளப்படும் முறைகள் இரு ஊற்றுகளிலிருந்து வந்தவை. வாய்மொழி அனுபவக் கதைகளின் உறுப்புகளை லேபோவும் வாலெட்ஸ்கியும் 1967இல் வகுத்தனர். குழந்தைகள் கதையைப் புரிந்துகொள்ளும் முறையைக் 'கதை இலக்கணம்' என ஸ்டைனும் கிளென்னும் 1979இல் விளக்கினர். சூழல், தூண்டும் நிகழ்வு, நோக்கம், முயற்சி, விளைவு என்னும் பின்னலைக் குழந்தை எவ்வளவு வெளிப்படுத்துகிறது என்பதே இவ்வழியினர் கேட்கும் கேள்வி. இதனைப் பேரமைப்பு என்பர். மற்றொரு ஊற்று தொடர்களை எண்ணுவது. கெல்லாக் ஹண்ட் 1965இல் மாணவர் எழுத்தை அளக்க அமைத்த 'டி அலகு' இதற்கு அடிப்படை. ஒரு முதன்மைத் தொடரும் அதனைச் சார்ந்த துணைத் தொடர்கள் அனைத்தும் சேர்ந்து ஓர் அலகாகும். அலகுகளின் எண்ணிக்கை, ஓர் அலகின் சராசரிச் சொல்லளவு, அலகுக்குள் அமையும் துணைத் தொடர்கள், இணைப்புச் சொற்கள் ஆகியவை நுண்ணமைப்பு எனப்படும்.

'மெய்ன்' எனச் சுருங்க வழங்கும் பன்மொழிக் கதைகூறல் மதிப்பீட்டுக் கருவி 2012இல் வெளிவந்து 2019இல் திருத்தப்பட்டது. மூன்று முதல் பத்து வயதினருக்குரிய இதில் ஆறு ஆறு படங்கள் கொண்ட நான்கு கதைகள் உண்டு. பல மொழிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்னும் எண்ணத்துடன் பேரமைப்பையே அது மதிப்பெண்ணுக்குரிய மையமாக்கியது. இம்முடிவு அறிவார்ந்தது. பட்டாம்பூச்சியைப் பிடிக்க விரும்பிப் பூனை தாவுகிறது, அது பறந்துவிடப் பூனை புதரில் விழுகிறது என்னும் காரண காரியத் தொடர்ச்சி எம்மொழிக் குழந்தைக்கும் ஒன்றே. இடர்ப்பாடு, அக்கருவியைக் கொண்டு திரட்டிய பேச்சை ஆய்வாளர் நுண்ணமைப்புக்காக எண்ணத் தொடங்கும்போது எழுகிறது. எண்ணும் பழக்கமோ ஆங்கிலத்திலிருந்து அப்படியே வருகிறது.

எண்ணிக்கையில் தோற்கும் எச்சம்

கீழ்க்காணும் இரு கூற்றுகளும் எக்குழந்தையிடமிருந்தும் பதிவு செய்யப்பட்டவை அல்ல. வாதத்தை விளக்கும்பொருட்டுக் கட்டுரையாளர் அமைத்தவை. மேற்சொன்ன பூனைக் கதையின் தொடக்கத்தை இருவர் சொல்வதாகக் கொள்வோம்.

முதற்கூற்று: "ஒரு பூனை பட்டாம்பூச்சியப் பாத்து அதப் புடிக்கணும்னு தாவி முள்ளுல விழுந்துருச்சு."

இரண்டாம் கூற்று: "பூனை இருக்கு. பட்டாம்பூச்சி இருக்கு. பூனை பாக்குது. அப்புறம் பூனை தாவுது. அப்புறம் பூனை விழுந்துருச்சு."

தமிழ் அறிந்த எவருக்கும் இவற்றுள் எது வளர்ந்த கதைகூறல் என்பதில் ஐயம் எழாது. எண்ணிப் பார்த்தால் நிகழ்வது வேறு. இரண்டாம் கூற்றில் ஐந்து அலகுகள், முதலாவதில் ஒன்றே. இரண்டாவதில் பன்னிரண்டு சொற்கள், முதலாவதில் ஒன்பது. இரண்டாவதில் இணைப்புச் சொல் இரண்டு, முதலாவதில் எதுவுமில்லை. 'மொழி உற்பத்தி' என்ற தலைப்பில் அலகுகளையும் மொத்தச் சொற்களையும் கூட்டும் ஆய்வாளர் இரண்டாம் குழந்தைக்கே மிகுதியான மதிப்பளிக்க நேரும். முற்றுவினை கொண்டதையே துணைத் தொடராகக் கொள்வோம் என முடிவு செய்தால், 'பாத்து', 'தாவி' என்னும் இரண்டும் கணக்கில் வாரா. இணைப்புச் சொல் இல்லை என்பதால் பிணைப்பாற்றல் குறைவு என்றும் குறிக்கப்படும். உண்மையில் அங்கே இணைப்புச் சொல்லின் பணியை வினையின் ஈறே செய்து முடித்துவிட்டது.

சராசரிச் சொல்லளவு மட்டும் இங்கு நேரிய விடையைத் தருகிறது; முதற்கூற்றுக்கு ஒன்பதும் மற்றதற்கு 2.4உம் கிடைக்கின்றன. இருப்பினும் அதனையும் முழுமையாக நம்புதற்கில்லை. 'புடிக்கணும்னு' என்பது எண்ணத்தையும் கடப்பாட்டையும் மேற்கோளையும் உள்ளடக்கிய ஒரு சொல். ஆங்கிலம் பல சொற்களால் விரிப்பதைத் தமிழ் ஒட்டுகளால் சுருக்குகிறது. ஆகவே இரு மொழிகளின் சராசரிகளை ஒப்பிடும் அட்டவணைகள் பொருளற்றவை. ஒரே மொழிக்குள் வயதுக்கு வயது ஒப்பிடுவதற்கே இவ்வளவீடு பயன்படும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மெர்சர் மேயரின் 1969ஆம் ஆண்டுத் தவளைப் படக்கதையைக் கொண்டு ஐந்து மொழிகளில் திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து பெர்மனும் ஸ்லோபினும் 1994இல் வெளியிட்ட பெருநூலில் துருக்கியும் ஒன்று. எச்ச வடிவங்களால் நிகழ்வுகளைப் பிணைக்கும் துருக்கிக் குழந்தைகளின் திறனை ஸ்லோபின் 1995இல் தனியே எடுத்து ஆராய்ந்தார். தமிழ்க் குழந்தையின் கதையை ஆங்கிலக் குழந்தையின் கதைக்கு அருகில் வைப்பதைக் காட்டிலும் துருக்கிக் குழந்தையின் கதைக்கு அருகில் வைப்பது பயன் தரும். நம் ஆய்வேடுகளில் இவ்வொப்பீடு அரிதாகவே தென்படுகிறது.

அதற்காக எச்சங்களை எல்லாம் எண்ணிவிட்டால் போதும் என்றும் கொள்ளலாகாது. 'விழுந்துருச்சு' என்பதில் உள்ள 'விழுந்து' தனி நிகழ்வைக் குறிப்பதன்று. அது துணைவினை ஏற்ற வடிவம். 'அது வந்து... அந்தப் பூனை வந்து...' எனத் தயங்கும் குழந்தையின் 'வந்து' வினையே அன்று. சொல்லைத் தேடும் நேரத்தை நிரப்பும் ஒலி அது. சொல் மீட்பில் இடர்ப்படும் குழந்தையிடம் இது மிகுதியாக ஒலிக்கக்கூடும். இயந்திரத்தனமாக எண்ணினால் தயக்கமே திறனாகப் பதிவாகிவிடும்.

வினைமுதல் மாறும் இடம்

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்தபின், செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினைகொண்டே முடியும் என வரையறுக்கிறார். வினைமுதல் மாறுமிடத்து வேறு வாய்பாடு வேண்டும். இன்றைய பேச்சிலும் இது வாழும் விதியே. 'பையன் வரவும் பூனை ஓடிருச்சு' என்போம். 'பையன் வந்து பூனை ஓடிருச்சு' எனில் காது உறுத்தும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்று காரண காரியம் நெருங்கிய இடங்களில் விதி நெகிழும் என்பதையும் உரைமரபு அறியும்.

படக்கதை என்பது வினைமுதல் மாறிக்கொண்டே இருக்கும் களம். பூனை பார்க்கிறது, பையன் வருகிறான், பந்து நீரில் விழுகிறது, பூனை மீனைக் கவர்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் குழந்தை முன் மூன்று வழிகள் உள்ளன: தொடரை முற்றாக்கி நிறுத்துவது, வினைமுதல் மாற்றத்தை ஏற்கும் எச்சத்துக்கு மாறுவது, அல்லது பொருந்தாத எச்சத்தால் இழுத்துச் செல்வது. சொல்லப்போகும் அடுத்த நிகழ்வின் கருத்தாவை முன்கூட்டியே மனத்தில் கொண்டால்தான் இரண்டாவது வழி இயலும். நினைவுச் சுமையைத் தாங்க இயலாத குழந்தை முதலாவதையோ மூன்றாவதையோ நாடும் என எதிர்பார்க்கலாம். இது கருதுகோளே, பதிவுகளைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டியது. ஆங்கில ஆய்வுகள் இக்குறைபாட்டின் அடையாளமாகக் கொள்ளும் கால விகுதி விடுபடல் தமிழில் அவ்வடிவில் நிகழ்வது அரிது. வினையடி விகுதியின்றி நின்றால் அது ஏவலாகிவிடும். ஆங்கிலம் தளரும் இடத்தில் தமிழ் தளராது என்றால், தமிழ் தளரும் இடத்தைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே தேட வேண்டும். வினைமுதல் மாற்றம் அத்தகைய இடம் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

அஃறிணைப் பாத்திரங்கள்

மதிப்பீட்டுப் படங்களில் விலங்குகளே மிகுதி. குழந்தைகளுக்குப் பிடித்தவை, பண்பாட்டுச் சார்பு குறைந்தவை என்பது காரணம். ஆனால் தமிழில் இதனால் ஒரு தனிச்சுமை சேர்கிறது. தாய்ப்பறவை, குஞ்சுகள், பூனை, நாய் என நால்வகைப் பாத்திரங்கள் வரும் கதையில் அனைத்தும் அஃறிணை. பேச்சுத் தமிழில் அஃறிணை ஒருமைக்கும் பன்மைக்கும் வினைமுடிபு பொதுவாக ஒன்றே. 'வந்துச்சு' என்றால் வந்தது பூனையா, நாயா, குஞ்சுகளா என்பதை வினை உணர்த்தாது. உயர்திணைப் பாத்திரங்களாயின் 'வந்தான்', 'வந்தா', 'வந்தாங்க' என விகுதியே பிரித்துக் காட்டும். எழுவாயை விட்டுவிட்டும் கதை சொல்லலாம். எனவே பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் குழந்தை இங்கே குறைபாட்டைக் காட்டுகிறது எனக் கொள்ள இயலாது. கேட்பவருக்கு உதவுகிறது எனவும் கொள்ளலாம். பிரதிப்பெயருக்கும் பெயருக்கும் உள்ள விகிதத்தை ஆங்கில வரையறைப்படி கணக்கிடுவோர் இதனைக் கருதுவதில்லை.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்கக் கதைமரபே ஒரு வழியும் வைத்திருக்கிறது. 'நரி வந்தான்', 'சிங்கராஜா சொன்னாரு' எனப் பாத்திரத்தை உயர்திணையாக்கிவிட்டால் விகுதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். விடைத்தாளில் இது திணைப் பிழையாகக் குறிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. பசுவை அன்பின் மிகுதியால் தாயாகக் கருதிப் பெண்பால் வினையால் கூறுவதை வழுவமைதி என ஏற்றது நம் இலக்கண மரபு. குழந்தைக்கு அச்சலுகையை மறுக்க நியாயமில்லை. அதேவேளை, ஒரே நரி ஒரு தொடரில் 'வந்தான்' என்றும் அடுத்ததில் 'ஓடுச்சு' என்றும் காரணமின்றி மாறிமாறி வருமாயின், அது பாத்திரத்தைத் தொடர்ந்து பற்றி நிற்க இயலாமையின் குறியாக இருக்கலாம். ஆகவே குறிக்கப்பட வேண்டியது உயர்திணை வினையின் வருகை அன்று, அதன் நிலைபேறு.

பட்டியலுக்கு அகப்படாதவை

பாத்திரங்களின் மனநிலையைக் குழந்தை உணர்ந்துள்ளதா என அறிய, விரும்பு, நினை, அஞ்சு, சொல் போன்ற சொற்களை எண்ணுவது வழக்கம். 'மீன எடுக்கணும்னு வந்துச்சு' என்னும் தொடரில் விருப்பம் தெளிவாக உள்ளது; விருப்பத்தைக் குறிக்கும் தனிச்சொல் இல்லை. 'என்று' என்பதன் பேச்சு வடிவமாகிய 'னு'வே அப்பணியைச் செய்கிறது. சொற்பட்டியலைக் கையில் வைத்து எண்ணுபவர் இதனைத் தவறவிடுவார்.

'இருந்தானாம்' என்பதில் வரும் 'ஆம்' இன்னும் நுட்பமானது. தான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதை உணர்த்தும் இவ்வீறு, கதை என்னும் வகைமையையே குழந்தை அறிந்துள்ளது என்பதற்குச் சான்று. பாட்டியிடம் கேட்ட கதையில் இயல்பாக வரும் இது, படத்தைத் தானே பார்த்துச் சொல்லும்போது மறைந்துவிடக்கூடும். எனவே படக்கதையை மட்டும் கொண்டு முடிவு செய்வது குறையுடையது. 'காட்டுக்குப் போனானாம். போனா, அங்க ஒரு கிணறு இருந்துச்சாம்' என முந்தைய வினையை மீண்டும் எடுத்துத் தொடங்குவது வாய்மொழிக் கதைசொல்லியின் பிணைப்பு முறை. பேச்சுப் பதிவைத் தூய்மைப்படுத்தும் வழக்கப்படி இத்தகைய மீள்கூற்று 'தேவையற்ற திரும்பல்' என நீக்கப்படும் நேரங்கள் உண்டு. நீக்கும்போது கதையின் மூட்டே கழன்றுவிடுகிறது.

பேரமைப்பு தமிழுக்குப் பொருந்துகிறது என மேலே கூறியதற்கு ஒரு விலக்கையும் குறிப்பிட வேண்டும். தன் பெயரை மறந்த ஈயின் கதை தமிழ்க் குழந்தைகள் பலரும் அறிந்தது. கன்று, அதன் தாய், மேய்ப்பவன், அவன் கைக்கோல் எனச் சங்கிலியாகக் கேட்டுக்கொண்டே சென்று, முடிவில் குதிரையின் கனைப்பில் ஈ தன் பெயரைக் கண்டடைகிறது. சொல் நினைவுக்கு வாராமையே கதைப்பொருளாகிய கதை என்பது இங்கு எண்ணத்தக்கது. கதை இலக்கணத்தின்படி இதில் ஒரு நோக்கம், ஒரே வகை முயற்சி, ஒரு விளைவு; கண்ணிகள் அனைத்தையும் பிசகாமல் சொன்னாலும் மதிப்பெண் ஏறாது. வளர்ந்துகொண்டே போகும் பட்டியலை மனத்தில் தாங்குவது, மொழிக் குறைபாடுடைய குழந்தை இடர்ப்படும் வாய்மொழி நினைவையே நேரடியாகச் சோதிக்கிறது. ஓசையொழுங்கோ அந்நினைவுக்கு ஊன்றுகோலாகவும் அமைகிறது. எக்கண்ணியில் சங்கிலி அறுகிறது, ஓசையைத் தொடங்கிக் கொடுத்தால் மீண்டும் பற்றிக்கொள்கிறதா என்பவற்றைப் பார்க்கும் சிகிச்சையாளருக்கு ஒரு மதிப்பெண்ணை விடப் பயனுள்ள செய்தி கிடைக்கும்.

வேறுபாடும் குறைபாடும்

இத்தகைய திறனாய்வுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் சொல்லும் கதையை ஆசிரியர் ஒழுங்கற்றதாகக் கேட்டதைச் சாரா மைக்கேல்ஸ் 1981இல் காட்டினார். கரோலினா பகுதியின் இரு சமூகங்களில் கதை என்பதன் பொருளே வேறுபடுவதை ஷர்லி பிரைஸ் ஹீத் 1983இல் விரித்துரைத்தார். அவ்வாய்வுகளால் பல குழந்தைகள் தவறான முத்திரையிலிருந்து தப்பினர். ஆயின் அவ்வாதத்தை அளவுக்கு மீறி நீட்டினால் ஒவ்வொரு தளர்ச்சியையும் 'அவர்கள் வீட்டு வழக்கம்' எனக் கடந்துவிடும் ஆபத்து உண்டு. மேற்காட்டிய இரண்டாம் கூற்றை ஏழு வயதுக் குழந்தை சொல்லுமாயின் பண்பாட்டைக் காரணம் காட்டி அமைதி கொள்ளுதல் அக்குழந்தைக்கு இழைக்கும் அநீதியே. ஆங்கில அளவீடு பொருந்தாது என்று சொல்பவர் தமிழ் அளவீடு எதுவென்று சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். தமிழ் இலக்கணம் பயின்றோர் இப்பணியிலிருந்து விலகி நிற்பதும், பேச்சு, மொழிச் சிகிச்சை பயில்வோர் வினையெச்ச இயலைப் படிக்காமலே பட்டம் பெறுவதும் இரு துறைகளுக்கும் பொதுவான குறை.

இரட்டை வழக்கின் சுமையையும் இங்கே கருத வேண்டும். தேர்வாளர் மாதிரிக் கதையை எழுத்துத் தமிழில் படித்துக் காட்ட, குழந்தை அதனைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்கிறது. திரும்பச் சொல்லுதல் என நாம் பெயரிடுவது ஒருவகை மொழிபெயர்ப்பாகிவிடுகிறது. மாதிரிக் கதையைக் குழந்தையின் வட்டார வழக்கிலேயே சொல்வதற்குத் தடை ஏதுமில்லை. 'நல்ல தமிழில் சொல்' என்னும் வகுப்பறைக் கட்டளையைத் தேர்வறைக்கு வெளியே நிறுத்தினால் போதும்.

நம் வீடுகளில் கதை கேட்பவர் 'ம்' கொட்டுவார். 'ம்' நின்றால் கதையும் நிற்கும். தரப்படுத்திய மதிப்பீடுகளிலோ கேட்பவர் நடுநிலையாக இருக்க வேண்டும். 'இன்னும் சொல்', 'வேறு ஏதாவது உண்டா' என்பன போன்ற சில தூண்டல்களுக்கே இடமுண்டு. ஒப்பீட்டுக்கு அவ்வொழுங்கு தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே கதையை மற்றொரு நாள் 'ம்' கொட்டிக் கேட்டுப் பதிவு செய்யலாம். இரு பதிவுகளையும் அருகருகே வைத்து, எச்சத் தொடர் எங்கே நீண்டது, வினைமுதல் மாறும் இடத்தில் எவ்வாய்பாடு வந்தது, தயக்கத்தின் 'வந்து' எத்தனை குறைந்தது எனக் குறித்தல் வேண்டும். 'ம்' கேட்டவுடன் தொடர் நீளும் குழந்தைக்கும், கேட்டும் நீளாத குழந்தைக்கும் சிகிச்சையின் முதல் மாதத்திலேயே வேறுவேறு பாடம் தேவைப்படும்.